கைக்குச் சூடு, மீனுக்குக் குளிர்

அத்தியாயம் 9

ஆடி முடிந்து ஆவணி பிறந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன என் மருமகள் ஷண்முகப்ரியா திரும்பி வரவில்லை. போன வாரம் அதோடு நின்றோம்.

புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போவதும், ஆவணி ஒண்ணாம் தேதி கொண்டுவந்து விடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். அழைத்துப் போக அவள் அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார். கொண்டுவந்து விட யாரும் வரவில்லை. போன் போட்டால், "அந்த ஊடு எனக்கு ஒத்துக்கலீங்க" என்று என் மகனிடம் சொன்னாளாம். என்ன ஒத்துக்கவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா உங்கப்பா நம்ப மாட்டாங்க" என்று வைத்துவிட்டாளாம்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. அது உண்மைதான். முப்பத்தாறு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ட்ரையரில் நின்றவன். தூள் காய்ந்துவிட்டது என்று பத்துப் பேர் சொன்னாலும், நானே ஒரு பிடி அள்ளிப் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வேன்.

மகன் வசந்த்குமார் ஊட்டியில் ஒரு பேங்கில் கிளார்க். மூன்று நாளைக்கு முன்னால் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா, சனிக்கெழம அவ வர்றா. ரெண்டு நாளு இருந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கறா. இந்தத் தடவையும் ஒத்துக்கலீன்னா நான் மேட்டுப்பாளையம் பிராஞ்சுக்கு மாத்தல் எழுதிக் குடுத்துருவேனுங்க."

"எழுதிக் குடு" என்றேன்.

சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி பாப்பம்மாள் இறந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. இவனும் போய்விட்டால் ஊட்டி பெர்ன்ஹில்லில் இந்த வீட்டுக்குள் நான் யாரோடு சண்டை போடுவது?

அவளை வரவழைக்க அவன் செய்த காரியம் ஹாலில் ஒரு ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தது. ரெண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. பிறந்த வீட்டில் மீன் வளர்த்தவளாம். இங்கே இருந்தபோது ஒருநாள், "இந்த மூலைல ஒரு தொட்டி வெச்சா நல்லாருக்கும்" என்றாளாம். அவள் போன பிறகு இவன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

தொட்டி வந்து இருபத்திரண்டு நாள். அடியில் மணல், ரெண்டு கல், நாலு செடி. ஒரு மூலையில் குமிழி விடுகிற ஃபில்டர். இன்னொரு மூலையில் சிவப்பு லைட் எரிகிற ஹீட்டர். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். எல்லாம் இருந்தது. மீன்தான் இல்லை.

"மீனில்லாத தொட்டிக்கு எதுக்குடா காத்து?" என்று அப்போதே கேட்டேன்.

"தண்ணி பழகணுமுங்க. மீனோட அழுக்கைத் திங்கற கிருமி மொதல்ல தொட்டிக்குள்ள வளரணும். இல்லீன்னா மீனு நாலு நாள்ல செத்துப்போயிரும். அதுக்குத்தான் கொர்னேலியஸ் அண்ணன் அவரு தொட்டியில கெடந்த பழைய ஸ்பான்ஜைக் குடுத்து இதுல போடச் சொன்னாரு."

"தண்ணியென்ன பாலா, ஒறை ஊத்தி வெக்கறதுக்கு?"

"அதேதானுங்கப்பா! சரியாச் சொல்லிட்டீங்க!" என்று சந்தோஷப்பட்டான். நான் கிண்டல் செய்தது அவனுக்கு உறைக்கவே இல்லை.

கொர்னேலியஸ் மீன் கடைக்காரர். அழுக்குப் பஞ்சை இனாமாகக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆகிறவரை எப்படி நம்புவது? அவர் விற்ற ஹீட்டரையும் நான் நம்பவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்து மணிக்கு டீ போட எழுந்திருப்பேன். போகிற போக்கில் தொட்டியில் கை விடுவேன். தண்ணீர் நல்ல சூடாக இருக்கும். காலித் தண்ணீருக்கு எதற்கு இந்த உபசாரம் என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். சாயந்திரம் நாலு மணிக்கு, அவன் வருவதற்குள், மறுபடி மாட்டிவிடுவேன். சூடு போதுமான அளவு ஏறினால் அந்த லைட் தானாக அணையுமாம். அதனால் காலையில் லைட் எரியாததைப் பார்த்தாலும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. சாயந்திரம் வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் புலம்புவான்.

"இருவத்தஞ்சு நிக்கோணும். இருவத்தொண்ணுதான் நிக்குது. ஹீட்டரு இழுக்க மாட்டேங்குதுங்கப்பா."

"ஏமாத்திட்டாரு பாரு உன்ற கொர்னேலியஸ் அண்ணன்" என்று நானும் ஒத்து ஊதினேன். அவன் ரெண்டு தடவை அந்தக் கடையில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தான்.

இன்றைக்குக் காலையிலும் பிடுங்கினேன். மருமகள் வருகிறாள் என்று தெரியும். மீன் வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு வந்தார்கள். வெளியே காற்றும் சாரலும். பையைத் தூக்கிக்கொண்டு வசந்த்குமார் முன்னால் வந்தான். பின்னால் அவள், ஒரு ஸ்டீல் தூக்குப்போசியை ஸ்வெட்டருக்குள் வைத்து ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு.

"நல்லாருக்கீங்களா மாமா?"

"இருக்கறேன். உள்ள வா. போசியில என்ன, உங்கம்மா கொழம்பு குடுத்து உட்டாங்களா?"

"மீனுங்க மாமா."

"மீன் கொழம்பா?"

"உசுரு மீனுங்க!" என்று மூடியைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். "கடையில பிளாஸ்டிக் கவருல கட்டிக் குடுத்தாங்க. மலைக்குக் கவரு கொண்டுபோனா செக்போஸ்ட்டுல புடுங்கிக்குவாங்கன்னு போசிக்கு மாத்திட்டேன். பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும் மடியிலயே வெச்சிருந்தேன்."

அவள் மடி முழுக்க நனைந்திருந்தது. பல்லு கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நான் பார்த்தேன். பழைய ஞாபகம்தான் வந்தது. குளுருதுன்னு ஆரம்பிச்சுட்டா.

தொட்டியைப் பார்த்ததும் மட்டும் அவள் முகம் மாறியது. "ஏனுங்க, தண்ணி கண்ணாடியாட்ட இருக்குது! செடியெல்லாம் வேரு புடிச்சிருச்சு போல!" என்றாள் புருஷனிடம். அவன் காது வரைக்கும் சிரித்தான். குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தாள்.

"என்னங்க இது? பத்தொம்போதுதான் இருக்குது?"

"பத்தொம்போதா!" அவன் போனை எடுத்துவிட்டான். "இருக்கட்டும், அந்தக் கொர்னேலியஸ் அண்ணனை இன்னிக்கு நான் சும்மா உடப்போறதில்ல."

அந்த மனுஷன் இன்னொரு தரம் திட்டு வாங்கட்டும் என்று நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் அவள் ஸ்டூலுக்குப் பின்னால் கையை விட்டு வயரை இழுத்தாள். பிளக் கையோடு வந்தது.

"இது மாட்டவே இல்லீங்களே."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாந்தான் புடுங்குனேன்" என்றேன்.

"எப்பங்கப்பா?"

"காலைல. தெனமுந்தான் புடுங்கறேன்."

"தெனமுமா? நான் போயி அந்த மனுசனை எப்படியெல்லாம் பேசிட்டு வந்தேன் தெரியுங்களா! எதுக்குங்கப்பா இப்படிப் பண்றீங்க?"

"சூடா இருக்கற தண்ணிய எதுக்குடா மறுபடி சுட வெக்கோணும்? இப்பவும் சூடாத்தான் இருக்குது. உன்ற டிகிரியெல்லாம் எனக்கு வேண்டாம். ட்ரையர் வாயில கை நீட்டிச் சூடு சொன்னவன் நான். நான் சொன்னதுக்கப்பறம் மேனேஜரு மீட்டரைப் பாப்பாரு. சரியா இருக்கும்."

கையை மணிக்கட்டு வரை தொட்டிக்குள் விட்டேன். "வெதுவெதுன்னு இருக்குது. வேணும்னா வெச்சுப் பாரு."

ஷண்முகப்ரியா போசியைக் கீழே வைத்துவிட்டு என் கைக்குப் பக்கத்தில் அவள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள்.

"ஐயோ, ஐஸு மாமா!"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. என் கையைப் பார்த்தேன். வழவழவென்று சும்மா இருந்தது. ஒரே தண்ணீர்.

"உங்களுக்கு நெசமாவே சூடா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன, பொய்யா சொல்றேன்?"

"சாமி சத்தியமா?"

"சத்தியமெல்லாம் என்னத்துக்கு. இருக்குதுன்னா இருக்குது."

கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்.

"இந்த ஊட்டுல இருந்த அஞ்சு மாசமும் நீங்க பொய் சொல்றீங்கன்னே நெனச்சேனுங்க மாமா. நான் நடுங்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க வந்து, எங்க குளுரு, எங்க குளுருன்னு கேட்டுட்டே ஜன்னலைத் தொறந்து உடுவீங்க. என்னைத் தொரத்தறதுக்குத்தான் இப்படிப் பண்றீங்கன்னு நெனச்சேன்."

"நீ நடிக்கறேன்னு நான் நெனச்சேன்" என்றேன். "வேலைக்குப் பயந்துட்டுப் போர்வைக்குள்ள பூந்துக்கறேன்னு."

"அப்பா!" என்றான் வசந்த்குமார்.

"என்னடா அப்பா? அவ நெனச்சதை அவ சொன்னா. நான் நெனச்சதை நான் சொல்றேன்."

அவள் என்னை நன்றாக முறைத்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம், "மொதல்ல மீனைப் பாப்போம்" என்று குனிந்து பிளக்கை மாட்டினாள். சிவப்பு லைட் எரிந்தது.

ரெண்டு நிமிஷம்கூட எரிந்திருக்காது. கரண்ட் போய்விட்டது.

ஃபில்டரும் நின்றது. வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜூடித் டீச்சர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "அண்ணா, கீழே ரோட்டுல மரம் விழுந்து லைன் அறுந்துருச்சாம். சாயந்திரம் ஆகுமாம்!"

ஷண்முகப்ரியா போசியின் மூடியை முழுசாகத் திறந்தாள். பன்னிரண்டு மீன். எட்டு கப்பி, வாலெல்லாம் பட்டுத் துணி மாதிரி. நாலு சிவப்புப் பிளாட்டி. அதில் ரெண்டு மூன்று அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. தெர்மாமீட்டரைத் தொட்டியிலிருந்து எடுத்துப் போசியில் விட்டாள்.

"இதுலயும் இருவது வந்துருச்சு. ஸ்டீலு, சீக்கிரம் ஆறிரும். இன்னும் எறங்குனா தாங்காது. தொட்டியில உட்டாலும் குளுருல சுருண்டுரும்."

"பேசாம அடுத்த பஸ்சுலயே கீழ கொண்டுபோயிறலாமா?" என்றான் வசந்த்குமார். "மேட்டுப்பாளையத்துல இந்தக் குளுரு இல்ல. நானும் கூட வர்றேன்."

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. மீன் கீழே போனால் அவள் போவாள். அவள் போனால் இவன் போவான். இப்போதே கூட வருகிறேன் என்கிறான்.

"இரு" என்றேன். "சூடு பண்றது எனக்குத் தெரிஞ்ச வேலை."

அடுப்பு ரெண்டிலும் தண்ணீர் வைத்தேன். முழங்கால் வலிக்கு வைத்திருக்கும் ரப்பர் ஹாட் பேக்கை எடுத்து வந்தேன். பித்தளைச் சொம்பிலும் வெந்நீர் ஊற்றி, வாயைத் தட்டால் மூடி, தொட்டிக்குள் இறக்கப் போனேன்.

"பித்தளை ஆகாதுங்க மாமா! அதுல இருக்கற செம்பு தண்ணியில எறங்கும். மீனுக்கு வெஷம்."

"செம்புல தண்ணி குடிச்சா ஒடம்புக்கு நல்லதும்பாங்க?"

"மனுசனுக்குங்க. ஸ்டீலு சொம்பு கொண்டாங்க. வெந்நியத் தொட்டியில நேராவும் ஊத்திராதீங்க."

நம்பிக்கை வரவில்லைதான். ஆனாலும் ஸ்டீல் சொம்பைக் கொண்டுவந்தேன். ஹாட் பேக் ஒரு பக்கம், சொம்பு ஒரு பக்கம் என்று தொட்டிக்குள் நிறுத்தினாள். போசியைத் தனியாக ஒரு குண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் வைத்தாள். நான் என் கம்பளியைக் கொண்டுவந்து தொட்டிக்கு மூன்று பக்கமும் சுற்றினேன். ஃபில்டர் ஓடாததால் தண்ணீருக்குக் காற்று வேண்டுமாம். வசந்த்குமார் ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினான்.

"ஏனுங்க, மெதுவா. மீனு உள்ள இருந்திருந்தா மண்டையிலயே ஊத்தியிருப்பீங்களாட்ட இருக்குது" என்றாள்.

"எங்கப்பன் பண்ணுன வேலைக்கு நான் ஊத்திட்டு நிக்கறேன், எனக்கே ஏச்சு" என்றான்.

"ஏன்டா, உங்கப்பன் என்ன சும்மாவா உக்காந்திருக்கறான்?" என்றேன் சமையல்கட்டிலிருந்து.

பேக் ஆறினால் மாற்ற வேண்டும். சொம்பு ஆறினால் மாற்ற வேண்டும். அடுப்புக்கும் ஹாலுக்கும் நடந்தேன். எட்டு நடையோ, ஒன்பது நடையோ. ஒவ்வொரு தடவையும் பழக்கதோஷத்தில் என் கை முதலில் தண்ணீருக்குள் போய்விடும்.

"போதும். நல்லா ஏறிருச்சு" என்றேன் மூன்றாவது நடையிலேயே.

"கையை எடுங்க மாமா. உங்க கை வேண்டாம்."

முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. மேனேஜர்கூடச் சொன்னதில்லை. கோபம் வந்தது. அவள் கையைப் பார்த்தேன். இன்னும் சிலிர்த்துத்தான் இருந்தது.

"சரி. நீயே சொல்லு" என்று எடுத்துக்கொண்டேன்.

தெர்மாமீட்டரை மறுபடி தொட்டிக்குள் விட்டாள். அதற்கப்புறம் அவள் அதைப் பார்த்துச் சொல்வாள், நான் ஓடுவேன். "இருவது மாமா." ஒரு நடை. "இருவதரை." இன்னொரு நடை. "இருவத்தொண்ணு. பேக்கு ஆறிருச்சு, மாத்துங்க." நடுவில் ஒரு தரம், "நீங்களும் செத்த உக்காருங்க மாமா, முழங்காலு வலிக்கும்" என்றாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும்.

மூன்றரை மணிக்கு இருபத்திரண்டு வந்தது. எனக்குப் போதும் என்று பட்டது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் அரை டிகிரி ஏறும் வரை காத்திருந்தாள். அப்புறம் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு போசியில் விட்டாள். அஞ்சு நிமிஷம் கழித்து இன்னொரு டம்ளர். மீனுக்குப் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்ட வேண்டுமாம். திடீரென்று கொண்டுபோய்த் தள்ளினால் மிரண்டு போகுமாம்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒன்று போய்விட்டது. போசி அடியில் சாய்ந்து கிடந்தது. ஆரஞ்சு வால் கப்பி.

"கடையில இதைத்தான் மொதல்ல கைகாட்டுனேன்" என்றாள்.

"என்னாலதான்" என்றேன்.

இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டுபோய் ரோஜாச் செடிக்கு அடியில் குழி தோண்டிப் போட்டுவிட்டு வந்தேன்.

மிச்சம் பதினொன்றையும் சின்ன வலையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் விட்டாள். விட்டதும் எல்லாம் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. ஃபில்டர் பொறுபொறுவென்று ஆரம்பித்தது. ஹீட்டரில் சிவப்பு எரிந்தது.

"மீனுக்கு இருவத்தஞ்சு. உனக்கு எத்தனை டிகிரி வேணும்?" என்று கேட்டேன்.

"என்னதுங்க மாமா?"

"உனக்குத்தான் கேக்கறேன். எத்தனை இருந்தா நடுங்காம இருப்பே?"

வசந்த்குமார் மக்கைக் கீழே வைத்துவிட்டான். அவள் விளையாட்டாகக் கேட்கிறேனா என்று பார்த்தாள்.

"தெரியலீங்க. அளந்து பாத்ததில்ல. ஜன்னலைச் சாத்தி வெச்சாலே பாதி சரியாயிரும்."

"காலைல ஜன்னலைத் தொறக்கலீன்னா எனக்கு மூச்சு முட்டும்."

"எனக்கு மூச்சே வராதுங்க மாமா."

"என்ற ரூம்பு கெழக்கால இருக்குது. வெயிலு வர்ற நாளைல ஏழு மணிக்கெல்லாம் கட்டிலு மேலயே அடிக்கும். நீங்க ரெண்டு பேரும் அதை எடுத்துக்குங்க. நான் வடக்கு ரூம்புக்குப் போயிக்கறேன். எனக்கு அது சூடாத்தான் இருக்கும்."

"அப்பா, கெழக்கு ரூம்பு அம்மா இருந்த ரூம்பு" என்றான் அவன்.

"அதுக்கென்ன? அவளும் குளுருது குளுருதுன்னுதான் சொல்லிட்டிருந்தா. அவளையும் நான் நம்பல."

சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது.

ஷண்முகப்ரியாவின் போன் அடித்தது. அவள் அப்பா. அவருக்கு ஊரே கேட்கிற மாதிரி குரல். "கண்ணு, போய்ச் சேந்துட்டியா? எப்படி இருக்குது? நாளைக்கு மத்தியானம் காரு எடுத்துட்டு வந்தர்ட்டுமா?"

நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதை மட்டும் திருப்ப முடியவில்லை.

"அப்பா, மீனு இன்னும் தீனி எடுக்கலீங்க" என்றாள். "புது எடத்துல அது வாய் வெக்கறதுக்குள்ள உட்டுட்டு வர முடியாது. திங்கட்டும். அதுக்கப்பறம் போன் பண்றேன்."

"மீனுக்கோசரமா கண்ணு?"

"மீனுக்குத்தானுங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

சும்மா சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. மீன் தின்றுவிட்டால் கார் வரும். தின்னாமலே போனால் மீன் சாகும். இதில் எதைச் சாமியிடம் கேட்பது?

ஆறு மணிக்குக் கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாட்டி மெதுவாக வெளியே வந்தது. அதன் பின்னால் ரெண்டு கப்பி. "மொத நாளு தீனி போடக்கூடாதும்பாங்க. துளி போட்டு, வாய் வெக்குதான்னு மட்டும் பாப்போம்" என்று டப்பாவைத் திறந்து, ரெண்டு விரலால் தொட்டுத் தண்ணீர்மேல் உதறினாள். வசந்த்குமார் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

பிளாட்டி மேலே வந்தது. ஒரு துணுக்கைச் சுற்றி வந்து பார்த்தது. டக்கென்று கவ்வியது.

நான் எழுந்தே விட்டேன்.

அது ஒரு கணம் வாயில் வைத்திருந்தது. அப்புறம் அப்படியே வெளியே தள்ளிவிட்டுக் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

"துப்பிருச்சுங்க மாமா" என்றாள் ஷண்முகப்ரியா.

"துப்பட்டும்" என்றேன். "அதுக்கு என்ன அவசரம்?"